தட்டாதே, உரசாதே... பட்டாசு ஊரில் கூச்ச மீன்களை வரவேற்கும் கலை!

விருதுநகர் மாவட்டம் வெம்பக்கோட்டை வட்டாரத்தில் இருக்கிறது தாயில்பட்டி. சிவகாசியும் பக்கம், சாத்தூரும் பக்கம். சாலையின் இருபுறமும் கரிசல் காடு, சீமைக் கருவேலம், நடுநடுவே வேலி போட்ட பட்டாசு ஆலைகள். காலையில் வேலையாட்களை ஏற்றிக்கொண்டு வேன்கள் போகும். சாயங்காலம் அதே வேன்களில், கையிலும் முகத்திலும் அலுமினியப் பவுடர் மினுமினுக்க ஆட்கள் திரும்புவார்கள். வெளியூர்க்காரர்கள் இந்த ஊரின் பெயரைப் பெரும்பாலும் விபத்துச் செய்திகளில்தான் படித்திருப்பார்கள்.

இந்த ஊரில் ஒரு வீட்டை நினைத்துப் பார்க்கலாம். அப்பாவுக்குப் பட்டாசு ஆலையில் வேலை, அம்மாவுக்குத் தீப்பெட்டி ஆபீஸில். தீபாவளி போனஸ் வந்ததும் ஆறாம் வகுப்பு படிக்கும் மகளின் நெடுநாள் ஆசை நிறைவேறுகிறது. சிவகாசியில் இரண்டடிக் கண்ணாடித் தொட்டி ஒன்றும், பாலித்தீன் பையில் ஆறேழு வண்ண மீன்களும் வாங்கி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வருகிறார்கள்.

வீட்டுக்கு வந்ததும் பையைப் பிரித்து மீன்களைத் தொட்டியில் கொட்டியாயிற்று. தெருப் பிள்ளைகள் எல்லாம் கூடியாயிற்று. லைட்டும் போட்டாயிற்று. ஆனால் மீன்களைக் காணோம்! எல்லாம் ஃபில்டருக்குப் பின்னால் போய் ஒட்டிக்கொண்டு நிற்கின்றன.

"யப்பா, மீனுக்கு என்னாச்சு? வெளியவே வரமாட்டேங்குது."

"புது எடம்ல தாயி... பயந்து போயிருக்கு."

அப்பா சொன்னது சரிதான். ஆனால் அடுத்து நடப்பதில்தான் பல வீடுகளில் தப்பு நேர்கிறது. மீன் வெளியே வரட்டும் என்று கண்ணாடியைத் தட்டுகிறார்கள். வலையை விட்டு ஓட்டுகிறார்கள். ஒளிந்திருக்கும் கல்லை எடுத்துவிடுகிறார்கள். பசியாக இருக்கும் என்று கைநிறையத் தீனி போடுகிறார்கள். மூன்றாம் நாள் ஒன்று மிதக்கிறது. ஒரு வாரத்தில் தொட்டி காலி. "நம்ம வீட்டுக்கு மீன் ராசியில்லை" என்று தொட்டியைத் தூக்கிப் பரணில் வைத்துவிடுகிறார்கள்.

ராசியைக் குறை சொல்ல வேண்டியதில்லை. புது மீனுக்கு வேண்டியது ஒளிந்துகொள்ள ஓர் இடம். அது கிடைத்துவிட்டால்தான் மீன் வெளியே வரும். கேட்க முரணாக இருந்தாலும், மீன் வளர்ப்பவர்கள் அனுபவத்தில் கண்ட உண்மை இது.

ஒரே நாட்டில் பிறந்த இரண்டு

பட்டாசுக்கும் தொட்டி மீனுக்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றலாம். வெடிமருந்தும் தங்கமீனும் பிறந்தது ஒரே நாட்டில்தான். இரண்டுமே சீனா உலகுக்குக் கொடுத்தவை. ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக அங்கே குளத்துக் கெண்டை வகையிலிருந்து நிறம் மாறிய மீன்களைப் பொறுக்கியெடுத்து வளர்த்துத்தான் இன்றைய தங்கமீன் உருவானது. அதே காலகட்டத்தில்தான் வெடிமருந்தும் அங்கே கண்டுபிடிக்கப்பட்டது.

'குட்டி ஜப்பான்' என்று பெயர் வாங்கிய சிவகாசிப் பகுதிக்குத் தீப்பெட்டியும் பட்டாசும் வந்து சேர்ந்ததற்கு ஒரு காரணம், மழை குறைந்த இந்த வறண்ட பூமி. மருந்து காய வெயில் வேண்டும், ஈரம் ஆகாது. பட்டாசுக்கு ஏற்ற அந்த வறட்சியே மீன் தொட்டிக்குச் சோதனை. கடினத் தண்ணீர், கொளுத்தும் வெயில், அவ்வப்போது வெடிச் சத்தம் என்று இங்கே மூன்று சவால்கள் இருக்கின்றன. மூன்றையும் சமாளிக்கலாம்.

கொளத்தூரிலிருந்து ஒரு நீண்ட பயணம்

தமிழ்நாட்டில் வண்ண மீன் என்றால் முதலில் நினைவுக்கு வரும் இடம் சென்னை கொளத்தூர். அங்கும் பக்கத்துத் திருவள்ளூர் மாவட்டத்திலும் சிமென்ட் தொட்டிகளில் மீன் வளர்த்துப் பிழைக்கும் குடும்பங்கள் நிறைய. தென் மாவட்டக் கடைகளுக்கு வரும் மீன்களில் பல, இந்தப் பக்கத்திலிருந்து ராத்திரியோடு ராத்திரியாக 500 கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து வருபவை.

பையில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், மீதி ஆக்சிஜன். ரப்பர் பேண்டு போட்டு இறுக்கி, தெர்மாகோல் பெட்டியில் அடுக்கி அனுப்புவார்கள். பயணத்துக்கு முன்னால் மீன்களுக்குத் தீனியும் கிடையாது. வயிறு நிறைந்திருந்தால் பைத் தண்ணீர் கெட்டுவிடும் என்பதுதான் காரணம். அப்படி வந்த மீன் கடைத் தொட்டியில் சில நாள் இருந்து, மறுபடி வலையில் பிடிபட்டு, மறுபடி பைக்குள் போய், பஸ் குலுக்கலில் தாயில்பட்டி வந்து சேருகிறது. சில நாட்களுக்குள் மூன்று ஊர், மூன்று தண்ணீர். அது மிரளாமல் வேறு எது மிரளும்?

பைக்குள் நடக்கும் ஒரு விஷயத்தைத் தெரிந்துகொண்டால் பாதி மீன்களைக் காப்பாற்றலாம். மீன் மூச்சு விட விட, பைத் தண்ணீரில் கரியமில வாயு கூடும். அதனால் தண்ணீர் கொஞ்சம் அமிலத்தன்மைக்கு மாறும். மீனின் கழிவில் வரும் அம்மோனியா, அமிலத் தண்ணீரில் அவ்வளவாக விஷமாவதில்லை. பையைத் திறந்ததும் வாயு வெளியேறி, தண்ணீர் மாறிவிடும். அப்போது அதே அம்மோனியா கொடுமையான விஷமாகிறது. அதனால் ராத்திரி முழுக்கப் பயணம் செய்து பார்சலில் வந்த மீன் பையைத் திறந்துவிட்டு, ஒரு மணி நேரம் வேடிக்கை பார்க்கக் கூடாது. சீக்கிரம் தொட்டிக்கு மாற்ற வேண்டும்.

சிவகாசிக் கடையிலிருந்து அரை மணி, ஒரு மணி நேரத்தில் வந்த மீனுக்கு அந்த அவசரம் இல்லை. கட்டிய பையை அப்படியே தொட்டியில் 15 முதல் 20 நிமிடம் மிதக்க விட்டால் இரண்டு தண்ணீரின் சூடும் ஒன்றாகிவிடும். பிறகு பையைத் திறந்து, ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை ஒரு டம்ளர் தொட்டித் தண்ணீரை உள்ளே விட வேண்டும். அரை மணி நேரம் கழித்து மீனை மட்டும் வலையில் எடுத்து மெதுவாகத் தொட்டியில் விடலாம். பைத் தண்ணீரைத் தொட்டியில் ஊற்றக் கூடாது. அதைச் செடிக்கு ஊற்றிவிடலாம்.

மீனுக்குக் காது உண்டா?

உண்டு. வெளியே தெரியாத உட்காது. தங்கமீன், டெட்ரா, பார்ப், கெளுத்தி போன்ற இனங்களுக்கு அந்தக் காதையும் வயிற்றுக்குள் இருக்கும் காற்றுப் பையையும் இணைக்கும் சிறு எலும்புகளும் உண்டு. காற்றுப் பை ஒரு தோல் மேளம்போல அதிர, அந்த எலும்புகள் அதிர்வைக் காதுக்குக் கடத்தும். இதனால் இந்த மீன்களுக்குக் கேட்கும் திறன் மற்ற பல மீன்களைவிட அதிகம். கூடவே, உடம்பின் இரண்டு பக்கமும் ஓடும் பக்கக்கோடு தண்ணீரின் சின்ன அசைவைக்கூடச் சொல்லிவிடும்.

பட்டாசு ஊரில் இந்த மீன் எப்படிப் பிழைக்கும்? நல்ல செய்தி ஒன்று இருக்கிறது. காற்றில் வரும் சத்தத்தின் பெரும்பகுதி தண்ணீரின் மேற்பரப்பில் பட்டுத் திரும்பிவிடுகிறது. மீனை அதிகம் கலக்குவது தரை வழியாக, மேசை வழியாக, கண்ணாடி வழியாக வரும் அதிர்வு. தூரத்தில் ஒரு வெடி வெடிப்பதைவிட, பக்கத்தில் ஒரு பிள்ளை விரலால் கண்ணாடியை 'டொக் டொக்' என்று தட்டுவது மீனுக்குப் பேரிடி.

அதனால் தொட்டியைக் கனமான, ஆடாத மேசையில் வைத்து, அடியில் அரை அங்குலத் தெர்மாகோல் ஷீட் போட வேண்டும். அதிர்வும் குறையும், தொட்டி சமமாகவும் உட்காரும், கண்ணாடியும் விரிசல் விடாது. வாசல் கதவு, கிரைண்டர், டி.வி. ஸ்பீக்கர், மோட்டார் சுவிட்சுப் பக்கம் வேண்டாம். திருவிழா, கல்யாண வெடி போடும் ராத்திரிகளில் ஜன்னல் வழியே வெளிச்சம் பளீரென்று அடிக்கும். மீனுக்குக் கண்ணிமை கிடையாது, மூடிக்கொள்ள முடியாது. பழைய வேட்டியைத் தொட்டி மேல் போர்த்திவிட்டால் போதும்.

சத்தத்துக்குப் பயப்படுவது மீன் மட்டுமா? நேரங்கெட்ட நேரத்தில் பெரிய சத்தம் கேட்டால் இந்தப் பகுதியில் வீட்டில் இருப்பவர்கள் வேலையைப் போட்டுவிட்டு வெளியே ஓடிவருகிறார்கள். எந்தத் திசையில் புகை எழுகிறது என்று பார்க்கிறார்கள். வேலைக்குப் போனவருக்குப் போன் போடுகிறார்கள். மறுமுனையில் குரல் கேட்ட பிறகுதான் மூச்சு வருகிறது. ஒளிந்து நிற்கும் ஒரு மீனின் படபடப்பைப் புரிந்துகொள்ள இவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆலையின் பாடம், தொட்டிக்கும்

பட்டாசு ஆலையின் அறைகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். சின்னச் சின்ன அறைகள். ஒன்றுக்கொன்று இடைவெளி. ஆபத்து என்றால் ஓடித் தப்பிக்க ஒன்றுக்கு மேற்பட்ட வாசல். ஓர் அறையில் குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு மேல் ஆள் இருக்கக் கூடாது. மருந்தைத் தட்டக் கூடாது, உரசக் கூடாது, அவசரப்படக் கூடாது. மீன் தொட்டிக்கும் இதே விதிகள்தான்.

ஒளிய இடம் ஒன்று போதாது. மீனுக்கு ஓர் இடமாவது வேண்டும். உடைந்த மண்சட்டி, சின்னக் கலயம், ஓட்டைப் பெரிதாக்கிக் கொதிக்க வைத்துச் சாயம் போக ஊறவைத்த தேங்காய்ச் சிரட்டை, சுத்தமான ஓட்டுத் துண்டு எதுவும் ஆகும். கூரான விளிம்புகளைக் கல்லில் தேய்த்து மழுக்கிவிட வேண்டும். முடிந்தவரை இரண்டு பக்கமும் திறப்பு இருக்கட்டும். ஒரு பக்கம் மட்டும் திறந்த குகையில் மீன் மாட்டிக்கொண்டதாக உணரும். இரண்டு வழி இருந்தால் தைரியமாக உள்ளே போய் வரும்.

கண்மாயில் கிடைக்கும் வேலம்பாசியும் நல்ல மறைவு. ஆனால் அப்படியே போட்டால் நத்தையும் தட்டான் பூச்சியின் புழுவும் கூடவே வந்துவிடும். அந்தப் புழு குட்டி மீன்களைப் பிடித்துத் தின்னும். பாசியைப் பலமுறை அலசி, தனி வாளியில் சில நாள் வைத்துப் பார்த்துவிட்டுப் போடுவது நல்லது.

இன்னொரு எளிய வழி காகிதம். அச்சுத் தொழிலுக்கும் பேர்போன சிவகாசியில் கறுப்புச் சார்ட் பேப்பருக்குப் பஞ்சம் இல்லை. தொட்டியின் பின்பக்கத்திலும் இரு பக்கவாட்டிலும் வெளிப்புறமாக ஒட்டிவிட்டால், நான்கு திசையிலும் ஆள் நடமாடுவது மீனுக்குத் தெரியாது. பின்னணி இருண்டிருந்தால் மீனின் நிறமும் எடுப்பாகத் தெரியும்.

ஆளெண்ணிக்கை விதியும் முக்கியம். இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரத் தொட்டி முழுக்க நிரம்பினாலே சுமார் 55 லிட்டர்தான். அதில் இருபது மீன் போட்டால் ஒளிய இடமும் போதாது, மூச்சும் போதாது. ஆறேழு சின்ன மீன்களோடு தொடங்குவது நல்லது.

எந்தத் தண்ணீருக்கு எந்த மீன்?

சிவகாசி நகருக்குத் தாமிரபரணித் தண்ணீர் மானூர் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் வருகிறது. வைப்பாற்றின் குறுக்கே உள்ள வெம்பக்கோட்டை அணையும் குடிநீருக்குக் கைகொடுக்கிறது. சுற்றுவட்டாரத்தில் துணி துவைக்க, பாத்திரம் கழுவ போர்த் தண்ணீர்தான் புழக்கம். சோப்பு நுரைக்காத தண்ணீர், பாத்திரத்தில் வெள்ளையாகப் படியும் தண்ணீர் என்றால் அது கடினத் தண்ணீர்.

அந்தத் தண்ணீரையே விரும்பும் மீன்கள் உண்டு. மோலி, கப்பி, பிளாட்டி மூன்றும் கடினத் தண்ணீரில் செழிப்பவை. கொசுப்புழுவைத் தின்பதற்காகச் சுகாதாரத் துறையினர் தண்ணீர்த் தொட்டிகளில் விடும் அதே கப்பிதான். புதிதாக மீன் வளர்ப்பவர்கள் இவற்றிலிருந்து தொடங்கினால் ஏமாற்றம் குறைவு. 1936-ல் அறிவியல் பெயர் பெற்ற நியான் டெட்ரா, அமேசான் காட்டின் உப்பில்லாத மென்தண்ணீரில் பிறந்தது. அதைப் போர்த் தண்ணீரில் விட்டால் நிறம் மங்கி, மூலையில் ஒடுங்கி நிற்கும். அது கூச்சமல்ல, தண்ணீர் ஒத்துக்கொள்ளாத வேதனை.

டெட்ராதான் வேண்டும் என்று பிள்ளை அடம்பிடித்தால், போர்த் தண்ணீரோடு கேன் தண்ணீரைக் கலக்கலாம். வெறும் ஆர்.ஓ. தண்ணீர் மட்டும் என்பதும் சரியல்ல, மீனுக்குத் தேவையான உப்புகள் அதில் மிகக் குறைவு. கேன் தண்ணீர்க்காரர் வைத்திருக்கும் டி.டி.எஸ். மீட்டரில் வீட்டுத் தண்ணீரை ஒருமுறை அளந்து பார்ப்பது நல்லது. குடிநீரில் கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது ஏற்புடையது, வேறு வழியில்லையென்றால் 2,000 வரை என்பது இந்தியத் தர நிர்ணய அளவு. வீட்டுப் போர்த் தண்ணீர் இந்த வரிசையில் எங்கே நிற்கிறது என்று தெரிந்தால் மீனைத் தேர்ந்தெடுப்பது சுலபம்.

குழாய்க் குடிநீரில் குளோரின் இருக்கும், அது மீனின் செவுளைப் பாதிக்கும். ஆனால் சில நாளுக்கு ஒருமுறை வரும் தண்ணீரைக் குடத்திலும் டிரம்மிலும் பிடித்து வைக்கும் வீடுகளில் இந்தக் கவலை குறைவு. திறந்த பாத்திரத்தில் ஒரு நாளுக்கு மேல் இருந்த தண்ணீரிலிருந்து குளோரின் பெரும்பாலும் போய்விடும்.

கரிசல் வெயிலில் இன்னொரு விஷயம். தொட்டித் தண்ணீர் ஆவியாகி நாளுக்கு நாள் குறையும். ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பு அப்படியே தங்கிவிடும். குறைந்த அளவுக்குப் போர்த் தண்ணீரையே ஊற்றிக்கொண்டிருந்தால், சில மாதத்தில் தொட்டி உப்பளமாகிவிடும். வாரம் ஒருமுறை கால் பங்குத் தண்ணீரை வெளியே எடுத்துவிட்டுப் புதுத் தண்ணீர் ஊற்றுவதுதான் வழி.

முதல் ஏழு நாள்

மீன் வாங்குவதற்கு முன்பே தொட்டி தயாராக வேண்டும். மீன் கழிவின் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், அதை ஆபத்துக் குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றும் நுண்ணுயிர்கள் ஃபில்டர் பஞ்சில் வளர நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். காலையில் தொட்டி, மாலையில் மீன் என்று வாங்கும் வீடுகளில் மீன் சாவதற்கு முக்கியக் காரணம் இதுதான். ஏற்கெனவே மீன் வளர்க்கும் சொந்தக்காரர் வீட்டு ஃபில்டர் பஞ்சில் ஒரு துண்டு கிடைத்தால் காரியம் விரைவாக நடக்கும். அந்த வீட்டு மீன்களுக்கு நோய் இல்லை என்பதைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

முதல் நாள்: தொட்டி லைட் வேண்டாம், தீனி வேண்டாம், கூட்டம் வேண்டாம். மீன் எங்கே ஒளிந்தாலும் தேடக் கூடாது.

இரண்டாம் நாள்: சிட்டிகைத் தீனி. ஐந்து நிமிடத்தில் தின்னாவிட்டால் மிச்சத்தை எடுத்துவிட வேண்டும். ஒரு நாள் பட்டினியில் மீன் சாகாது, அழுகிய தீனியில் சாகும்.

மூன்றாம், நான்காம் நாள்: ஒரு மணி நேரம் லைட் போடலாம். முதலில் அறை விளக்கு, பத்து நிமிடம் கழித்துத் தொட்டி விளக்கு. அணைக்கும்போது தொட்டி விளக்கு முதலில், அறை விளக்கு பிறகு. இருட்டிலிருந்து திடீர் வெளிச்சம் என்றால் மீன் பதறிக் கண்ணாடியில் முட்டிக்கொள்ளும்.

ஐந்தாம் நாள் முதல்: தினமும் ஒரே நேரம், ஒரே ஆள், ஒரே மூலையில் தீனி. அந்த நேரத்தில் ஓசையின்றி அருகில் உட்கார்ந்திருந்தால் போதும். அந்த உருவம் வந்தால் தீனி வரும் என்று மீன் கற்றுக்கொள்ளும்.

சில மீன்கள் இரண்டு நாளில் பழகும். சிலவற்றுக்கு இரண்டு, மூன்று வாரம்கூட ஆகும்.

துணை இருந்தால் தைரியம்

டெட்ரா, பார்ப், வரிக்குதிரை மீன் எல்லாம் கூட்டமாக வாழ்பவை. ஒன்றோ இரண்டோ வாங்கினால் ஆயுசுக்கும் ஒளிந்தே இருக்கும். ஒரே இனத்தில் ஆறாவது வேண்டும். பல நிறத்தில் ஒவ்வொன்று வாங்குவதைவிட, ஒரே நிறத்தில் ஆறு வாங்கினால் தொட்டி உயிரோட்டமாக இருக்கும்.

பெரிய கூச்ச மீனை வெளியே வரவழைக்க இன்னொரு உத்தி உண்டு. மேல்மட்டத்தில் பயமின்றித் திரியும் சாதுவான சின்ன மீன்களைக் கூடவே விடுவது. அவை திரிவதைப் பார்த்து, 'வெளியே ஆபத்தில்லை' என்று கூச்ச மீன் புரிந்துகொள்ளும். வரிக்குதிரை மீன் இதற்கு ஏற்றது. கங்கைச் சமவெளி ஓடைகளைச் சேர்ந்த இந்த மீனுக்கு 1822-ல் அறிவியல் பெயர் சூட்டியவர் ஹாமில்டன். இன்று உலகம் முழுக்க ஆய்வகங்களில் வளர்க்கப்படும் நம் நாட்டு மீன் இது. துணை மீன் பெரிய மீனின் வாய்க்குள் போகும் அளவில் இருக்கக் கூடாது என்பது மட்டும் கவனம்.

பயமும் இப்படித்தான் பரவும். தேனீக்களின் நடனத்தைப் புரிந்துகொண்டு 1973-ல் நோபல் பரிசு பெற்ற கார்ல் வான் ஃபிரிஷ், அதற்கு வெகுகாலம் முன்பே மீன்களிடம் ஒன்றைக் கண்டார். கெண்டை இனச் சிறு மீன் ஒன்றின் தோலில் காயம் பட்டால், அதிலிருந்து கசியும் ஒரு பொருளை உணர்ந்து மற்ற மீன்கள் மிரண்டு ஓடின. சொரசொரப்பான வலையால் அவசரமாகப் பிடித்து ஒரு மீனைக் காயப்படுத்தினால், கூட்டமே பயப்படும். உரசாதே என்ற ஆலை விதி இங்கேயும் பொருந்துகிறது.

கூச்சமா, நோயா?

ஒளிந்திருந்தாலும் செவுள் சீராக அசைந்து, துடுப்புகள் விரிந்து, இருட்டியதும் மீன் வெளியே உலாவினால் அது கூச்சம்தான். விட்டுவிடலாம்.

துடுப்புகளை உடம்போடு ஒட்டிக்கொண்டு நிற்பது, மேல்மட்டத்தில் வாயைத் திறந்து திணறுவது, கல்லில் உடம்பைத் தேய்ப்பது, உப்புத் தூவினாற்போல் வெள்ளைப் புள்ளிகள், பக்கவாட்டில் சாய்ந்து கிடப்பது எல்லாம் நோய் அல்லது தண்ணீர்க் கேட்டின் அடையாளம். முதல் வேலையாகக் கால் பங்குத் தண்ணீரை மாற்ற வேண்டும். ஃபைட்டர் மீன் மட்டும் விதிவிலக்கு. அது காற்றைச் சுவாசிக்கவும் செய்யும் என்பதால் அடிக்கடி மேலே வந்து போவது அதன் இயல்பு.

கோடையில் மேலே வந்து திணறினால் வெப்பமும் காரணமாகலாம். 20 டிகிரி செல்சியஸில் லிட்டருக்குச் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும் தண்ணீரில், 35 டிகிரியில் சுமார் 7 மில்லிகிராம்தான் கரையும். ஆஸ்பெஸ்டாஸ் கூரை வீட்டில் சித்திரை மதியம் எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. தொட்டியை வெயில் படாத கீழ்த்தள மூலையில் வைத்து, ஏர் பம்பை நிறுத்தாமல் ஓடவிட வேண்டும். மூடியை எடுத்து, தப்பிக் குதிக்காமல் வலை போட்டுவிட்டால் சூடு கொஞ்சம் தணியும். கரண்டு போகும் நேரத்துக்குப் பேட்டரி பம்பு ஒன்று இருப்பது நல்லது. குளிர்ந்த தண்ணீர் விரும்பும் தங்கமீனுக்கு இந்த ஊர் வெயில் கடினம்.

எல்லாவற்றையும்விட இந்த ஊருக்கென்றே ஒரு விதி உண்டு. ஆலையிலிருந்து வந்த கையோடு தொட்டிக்குள் கைவிடக் கூடாது. அலுமினியப் பவுடர், கந்தகம், மற்ற மருந்துகள் எதுவும் மீனுக்கு ஆகாது. சோப்பும் ஆகாது. கையைச் சோப்புப் போட்டுத் தேய்த்து, சோப்பின் வழவழப்பு போகும்வரை நல்ல தண்ணீரில் அலச வேண்டும். தொட்டிக்கென்றே தனி வாளி, தனிக் குவளை இருக்கட்டும்.

கண்மாயில் விடாதீர்கள்

மீன் பெரிதாகிவிட்டது, வளர்க்க முடியவில்லை என்று சிலர் கண்மாயிலோ கிணற்றிலோ விட்டுவிடுகிறார்கள். அழுக்கைத் தின்னும் என்று வாங்கும் சக்கர் மீன் தென் அமெரிக்காவைச் சேர்ந்தது. தமிழ்நாட்டு நீர்நிலைகளில் பெருகி, வலைகளைக் கிழித்து, மீனவர்களுக்குத் தொல்லையாகிவிட்டது. வேண்டாத மீனைக் கடைக்கோ, வளர்க்கும் இன்னொருவருக்கோ கொடுத்துவிடுவதே சரி. மேற்கே தெரியும் மலைத்தொடரின் ஓடைகளிலும் தாமிரபரணியிலும் உலகில் வேறெங்கும் இல்லாத மீன் இனங்கள் வாழ்கின்றன. அவற்றின் வீட்டுக்குள் வேண்டாத விருந்தாளியை அனுப்பக் கூடாது.

அந்தத் தாயில்பட்டி வீட்டுக்குத் திரும்புவோம். இப்போது தொட்டியின் மூன்று பக்கமும் கறுப்புச் சார்ட், அடியில் தெர்மாகோல், உள்ளே இரண்டு சிரட்டை, ஒரு உடைந்த கலயம். கண்ணாடியில் மகள் எழுதி ஒட்டிய சீட்டு: 'தட்டாதே.' அப்பா ஆலையில் தினம் பார்க்கும் வார்த்தை.

எட்டாம் நாள் சாயங்காலம். வேன் வந்து நிற்கிறது. அப்பா கைகாலைத் தேய்த்துக் கழுவிவிட்டு, மகளோடு தொட்டிக்கு முன்னால் தரையில் உட்காருகிறார். இருவரும் பேசவில்லை. சிரட்டைக்குள்ளிருந்து ஒரு மீனின் மூக்கு மட்டும் தெரிகிறது. உள்ளே போகிறது. மறுபடி வருகிறது. பிறகு மெல்ல வெளியே வந்து, தீனி விழும் மூலையில் நின்று பார்க்கிறது.

"யப்பா... வந்துருச்சு!"

"சத்தம் போடாத தாயி. இன்னும் ரெண்டு உள்ள இருக்கு."